எல்லோரும் கிளம்பிப் போன பிறகு: துக்கத்தைப் புரிந்துகொள்ள, துணை தேடிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் சில நாட்கள் வீட்டில் உட்கார இடமிருக்காது. யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். பிறகு விடுப்பு முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள், போன் அடிப்பது குறையும். என் அக்கா இறந்தபோது கூட்டம் நிறைந்திருந்த நாட்களில் நான் மரக்கட்டை மாதிரி இருந்தேன், பாதி முகங்கள் நினைவில்கூட இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது ஆறாவது வாரத்தில்தான். அப்போது பக்கத்தில் ஆளில்லை. இதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிறர் வீட்டுத் துக்கங்களில் நானும் அப்படித்தான் முதல் நாள் ஓடிப்போய் நின்றுவிட்டு, இரண்டாவது மாதம் மறந்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டியை அந்த ஆறாவது வாரத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். எண் போட்டிருந்தாலும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, இன்றைக்கு எது தேவையோ அதை மட்டும் பாருங்கள். ஒரு பக்கத்தைப் படிப்பதற்குள் மூன்று முறை மனம் ஓடிவிட்டால் பயப்படாதீர்கள். துக்கத்தில் கவனமும் ஞாபகமும் சிதறுவது சாதாரணம்.

1. முதல் நாட்கள்: உடம்பை மட்டும் பாருங்கள்

இந்த நாட்களில் துக்கத்தைப் “புரிந்துகொள்ள” முயல வேண்டாம். தண்ணீர் குடித்தோமா, ஏதாவது சாப்பிட்டோமா, கண்ணை மூடிப் படுத்தோமா, வழக்கமாகப் போடும் மாத்திரையைப் போட்டோமா என்று பார்த்தால் போதும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இந்த வாரத்தில்தான் அதை மறப்பார்கள். வீட்டில் ஒருவரிடம் “எனக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துவது உன் வேலை” என்று ஒப்படைத்துவிடுங்கள். போன் எடுத்துத் தகவல் சொல்வதற்கு வேறொருவரை வையுங்கள். எப்படி நடந்தது என்று முப்பது பேருக்கு முப்பது முறை விவரிக்கும் பாரம் உங்களுக்கு வேண்டாம்.

நெஞ்சு வலித்தால் “மனசு கஷ்டம்தான், சரியாயிடும்” என்று விட்டுவிடாதீர்கள். கடுமையான அதிர்ச்சியில் இதயத் தசையே தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் ஒரு நிலை உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அப்போது இதயம் உப்பும் வடிவம், அங்கே ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானையைப் போலிருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் மாரடைப்பா இதுவா என்பதை மருத்துவமனையில்தான் பிரித்தறிய முடியும்.

தூக்கம் வரவில்லை என்று மதுவையோ யாரோ கொடுத்த தூக்க மாத்திரையையோ தொட வேண்டாம். கவனம் சிதறிக்கிடக்கும்போது வண்டி ஓட்டவும் வேண்டாம்.

2. துக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இந்த ஐந்து படிகளை எங்காவது கேட்டிருப்பீர்கள். “எனக்கு இன்னும் கோபமே வரலையே, எனக்கு ஏதோ கோளாறா?” என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் இந்த ஐந்தையும் எழுதியபோது, அவர் கவனித்தது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளை. பின்னால்தான் அது உயிரோடிருப்பவர்களின் துக்கத்துக்கும் அளவுகோலாகிப் போனது. உண்மையான துக்கத்தில் ஐந்தும் ஒரே மதியத்தில் வந்து போகலாம், இரண்டு கடைசிவரை எட்டிப் பார்க்காமலும் இருக்கலாம். இந்தப் படிக்கட்டை மறந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அதைவிட உதவியானது அலை என்ற படிமம். 1942இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி தீப்பற்றி 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினரையும் கவனித்த எரிக் லிண்டமன் என்ற மருத்துவர் 1944இல் தன் குறிப்புகளை வெளியிட்டார். தொண்டை அடைப்பது, மூச்சு முட்டுவது, பெருமூச்சு, வயிற்றில் ஏதோ காலியானது போன்ற உணர்வு எல்லாம் அலையலையாக வருவதையும், ஓர் அலை சுமார் 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிப்பதையும் அவர் எழுதினார். எனக்கு இது பெரிய பிடிமானமாக இருந்தது. அலை அடிக்கும்போது இது முடியவே முடியாது என்று தோன்றும், ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் தணிந்துகொண்டிருக்கும். வந்தால் உட்காருங்கள், எதையாவது பற்றிக்கொள்ளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டால் வரவழைக்கத் தேவையில்லை. அழாதவர் பாசமில்லாதவர் என்று ஊர் பேசினால் பேசட்டும்.

இன்னொன்றும் உண்டு. காலையில் விழுந்து விழுந்து அழுத நீங்கள் மாலையில் ஒரு வேடிக்கைக்குச் சிரித்துவிடுவீர்கள், உடனே குற்ற உணர்வு பிடுங்கித் தின்னும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்தும். துக்கப்படுகிறவரின் மனம் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறது. ஒரு பக்கம் இழப்பு: அவர் புகைப்படம், குரல், அவர் இல்லாத வெறுமை. மறுபக்கம் மாறிப்போன வாழ்க்கை: இதுவரை அவர் பார்த்த வேலையை நாம் கற்றுக்கொள்வது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பது. இந்த ஊசலாட்டம்தான் ஆரோக்கியம் என்கிறார்கள் அவர்கள். எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பதும் கஷ்டம், அழுகையே எட்டிப் பார்க்காதபடி வேலையில் முங்கிக் கிடப்பதும் கஷ்டம். சிரித்த நேரத்தில் நீங்கள் அவரை மறக்கவில்லை. மனம் மூச்சு வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

அவர் குரல் கேட்டது, பக்கத்து அறையில் நடமாடியதுபோல் இருந்தது என்றால் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பதற வேண்டாம். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

3. சொல்லக் கூசும் உணர்வுகளுக்குப் பெயர் வையுங்கள்

துக்கம் என்றால் சோகம் மட்டும் என்று நினைத்திருந்தால், கூடவே வருகிறவை உங்களைத் திகைக்க வைக்கும்.

நிம்மதி அவற்றில் ஒன்று. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டவருக்கு, சாவுக்குப் பிறகு முதல்முறை முழு இரவும் தூங்கும்போது வரும் நிம்மதி. அவருடைய வலி நின்றது, உங்கள் இரவுக்காவல் நின்றது. அதற்கும் அன்புக்கும் பகை இல்லை.

கோபம் மருத்துவர்மேல் வரும், கடவுள்மேல் வரும், செத்துப்போனவர்மேலேயே வரும். “என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டாரே” என்ற ஒப்பாரி வரியில் பாதி கோபம்தானே?

குற்ற உணர்வுதான் இவற்றில் விடாப்பிடியானது. “அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா...” “கடைசியா பேசினப்போ சண்டை போட்டேனே...” பிறர் “உன் தப்பு இல்லை” என்றால் இது தீராது. நான் செய்து பார்த்தது இது: ஒரு தாளில், அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது, இன்று என்ன தெரியும் என்று இரண்டு பத்தியாக எழுதினேன். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய என்னைத் தண்டித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. குற்ற உணர்வு அதோடு போய்விடவில்லை. அதன் குரல் கொஞ்சம் தணிந்தது.

தற்கொலையில் ஒருவரை இழந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் பல மடங்கு. கூடவே வெட்கமும் ஊர்ப்பேச்சும் சேரும். அவர்கள் தனியாக இதைச் சுமக்க வேண்டாம், எட்டாவது படியை முதலில் படிக்கட்டும்.

ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கமும் உண்டு. கருவிலேயே கலைந்த குழந்தை, பிரிந்துபோன கணவன், வெளியே சொல்ல முடியாத காதல், நெருங்கிய நண்பன், வளர்த்த நாய். “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று கேட்பார்கள். கென்னத் டோகா என்ற அறிஞர் 1980களில் இதற்கென்றே ஒரு பெயர் கொடுத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துக்கம். உங்களுடையது அந்த வகை என்றால், அனுமதி கேட்டுக் காத்திருக்காதீர்கள். துக்கத்தின் அளவை உறவுமுறைப் பட்டியல் தீர்மானிப்பதில்லை.

4. உதவி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

“எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க” என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையாகத்தான் சொல்வார்கள். ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாது. தெரிந்தாலும் யாரிடம் எப்படிக் கேட்பது என்று யோசிக்கத் தெம்பு இருக்காது. கேட்காததால் அவர்கள், “பரவாயில்லை, தேறிட்டாங்க” என்று முடிவு செய்துகொள்வார்கள். இரண்டு பக்கமும் நல்லெண்ணம்தான், நடுவில் ஒன்றும் நடப்பதில்லை.

என் அக்காவின் தோழி ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. “வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். துணி இருந்தா மடிச்சுத் தர்றேன், இல்லேன்னா சும்மா உட்கார்ந்திருக்கேன்” என்றாள். வந்தாள், மடித்தாள், அதிகம் பேசவில்லை. அடுத்த வியாழனும் வந்தாள். நாளும் நேரமும் வேலையும் உள்ள உதவி எப்படியிருக்கும் என்பதை அவளிடம்தான் கற்றேன். அப்படிப்பட்டவர் உங்களுக்கு வாய்க்காவிட்டால் நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆட்களைப் பிரியுங்கள். ஒருவரே எல்லாவற்றுக்கும் ஆக மாட்டார். சிலர் காது கொடுப்பார்கள், ஆனால் ஒரு படிவம் நிரப்பச் சொன்னால் தடுமாறுவார்கள். சிலருக்கு ஆறுதலாக ஒரு சொல் வராது, ஆனால் அலுவலக வரிசையில் அரை நாள் நிற்பார்கள். இன்னும் சிலர் சினிமாவுக்கோ நடைக்கோ இழுத்துப்போய் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பார்கள், அவர்களும் வேண்டும். தாளில் மூன்று தலைப்பு போட்டுத் தெரிந்த பெயர்களை எழுதுங்கள். ஒரு தலைப்பின்கீழ் ஒருவர்கூட இல்லை என்றால் அங்கேதான் வெளியிலிருந்து துணை தேட வேண்டும்.

பிறகு வாக்கியம். நேரில் சொல்ல நா எழாவிட்டால் செய்தியாக அனுப்புங்கள்:

“அடுத்த திங்கள் பேங்க்குக்குப் போகணும். தனியா போக முடியலை, கூட வர முடியுமா?”

“ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ரொம்ப கஷ்டமா இருக்கு. அந்த நேரத்துல கூப்பிட்டா எடுப்பியா? எடுக்க முடியாத நாள்னா பரவாயில்லை.”

“எனக்கு யோசனை எதுவும் வேண்டாம். அவளைப் பத்திப் பேசணும், கேட்டா போதும்.”

கடைசி வாக்கியம் மிக முக்கியம். எதிரில் இருப்பவருக்கும் அது பெரிய விடுதலை, ஏதாவது ஆறுதல் சொல்லியே ஆக வேண்டும் என்ற பதற்றம் போய்விடும்.

“அவங்க நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க”, “ஆகவேண்டியதைப் பாரு”, “நீயே இப்படி இருந்தா எப்படி?” என்பவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. “சரி” என்று நகர்ந்துவிடலாம்.

5. காகிதங்கள், பொருட்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இறப்புச் சான்றிதழைப் பல பிரதிகள் வாங்கி வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள். கெடு உள்ள வேலைகளை ஒரு பட்டியல், கெடு இல்லாதவற்றை ஒரு பட்டியல், அதில் முதலாவது மட்டும் இப்போது. வீட்டை விற்பது, வேலையை விடுவது, வேறு ஊருக்குக் குடிபோவது போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்க அவசரப்படுகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை.

அவருடைய துணிமணிகளை எப்போது எடுப்பது என்பதற்குக் கெடு கிடையாது. உங்களுக்காக என்று நினைத்துப் பிறர் அள்ளிக்கொண்டு போக விடாதீர்கள். அக்காவின் போனில் விடிகாலை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை, போனை அணைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. பல வாரம் அது அடிப்பதும் அப்பா போய்த் தானே நிறுத்துவதுமாக இருந்தது. ஒருநாள் அவரே சார்ஜ் போடாமல் விட்டார்.

6. வீட்டில் குழந்தைகள் இருந்தால்

“இறந்துட்டாங்க” என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். “தூங்குறாங்க” என்றால் குழந்தை தூங்கப் பயப்படும். “ஊருக்குப் போயிருக்காங்க” என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு சொல்லாமல் போனார்களே என்று கோபப்படும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது என்று எளிமையாகச் சொல்லலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு நிரந்தரம் என்பது பிடிபடாது. நேற்று எல்லாம் கேட்ட குழந்தை இன்று “அம்மா எப்ப வருவா?” என்று கேட்கும். அதே பதிலைப் பொறுமையாகத் திரும்பச் சொல்லுங்கள். அழுத ஐந்தாவது நிமிடத்தில் விளையாடப் போய்விடும், அதற்குத் திட்டாதீர்கள். “நான் சண்டை போட்டதாலதான் செத்துட்டாங்களா?” என்ற பயம் பல குழந்தைகளுக்குள் ஒளிந்திருக்கும். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், அது யாருடைய தப்பும் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் முன்னால் நீங்கள் அழலாம். “அப்பாவை நினைச்சு அழுறேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடுவேன்” என்று காரணத்தைச் சொன்னால் போதும். பள்ளி ஆசிரியருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

7. தேதிகளுக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள்

பிறந்தநாள், திருமண நாள், பண்டிகை, முதல் ஆண்டு நினைவு நாள். அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் பலருக்கும் மோசம். காலண்டரில் குறித்து வைத்து, அன்று யாரோடு இருப்பது, எங்கே இருப்பது என்று முன்பே தீர்மானியுங்கள். ஒரு விழாவுக்குப் போவதாக இருந்தால், “பாதியில் கிளம்பினாலும் கிளம்புவேன்” என்று அழைத்தவரிடம் சொல்லி வையுங்கள். இரண்டாம் ஆண்டு முதலாண்டைவிடக் கனமாக இருந்தால் பின்னோக்கிப் போகிறோம் என்று அர்த்தமில்லை. முதலாண்டில் மரத்துக் கிடந்தது இரண்டாமாண்டில்தான் வலிக்கத் தொடங்குகிறது.

8. குழுவா, ஆலோசகரா?

எல்லாத் துக்கத்துக்கும் கவுன்சலிங் தேவையில்லை. பெரும்பாலோர் வீட்டார், நண்பர்கள் துணையோடு மெல்ல மெல்ல நிமிர்ந்துவிடுகிறார்கள். அந்தத் துணை போதவில்லை என்று தோன்றினால் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, அதே இழப்பைச் சந்தித்தவர்களின் குழு. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் இரண்டு குடும்பங்கள் தங்கள் மகன்களை இழந்தன. தான் சொல்லும் ஆறுதலைவிட அந்தப் பெற்றோர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே அதிகம் உதவுகிறது என்று அங்கிருந்த இளம் பாதிரியார் கவனித்தார். அதிலிருந்து 1969இல் பிறந்தது, பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கான ‘கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்’ அமைப்பு. பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. இப்படிப்பட்ட குழுக்களைத் தேட, கடைசியாகச் சிகிச்சை பார்த்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரையும், வலிநிவாரணச் சிகிச்சை மையங்களையும், வழிபாட்டு இடங்களையும் கேட்டுப் பாருங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் உண்டு. முதல் கூட்டத்தில் வாயே திறக்க வேண்டியதில்லை. ஒரு தடவை போய்ப் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் பணம் கேட்டு வற்புறுத்தும், “இத்தனை வாரத்தில் குணமாக்கிவிடுவோம்” என்று வாக்குக் கொடுக்கும், யார் துக்கம் பெரிது என்று போட்டி போட வைக்கும் குழுவிலிருந்து உடனே கிளம்பிவிடலாம்.

இன்னொன்று, தனியாக ஓர் ஆலோசகர். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், துக்கத்தில் இருப்பவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா, நான் பேசுவது வெளியே போகாதா, எத்தனை சந்திப்பு, கட்டணம் எவ்வளவு? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தாய்மொழியில் பேசுகிறவர் கிடைத்தால் நல்லது. பின்னால் கற்றுக்கொண்ட மொழியில் துக்கத்தைச் சொல்வது பெரும்பாடு.

9. மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்

துக்கம் நோய் இல்லை. ஆனால் சிலருக்கு அது உறைந்துபோய் நகராமல் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது நீடித்த துக்கக் கோளாறு என்ற நிலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறைந்தது 6 மாதம் கடந்தும், இறந்தவர் மீதான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்போ நாள் முழுக்க ஆட்டிப்படைத்து, வேலையும் உறவுகளும் குலைந்து, அவரவர் சமூகம் வழக்கமாகக் கருதும் துக்கத்தை வெகுவாக மிஞ்சினால் அது அந்த நிலையாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அழுதால் நோய் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, கொஞ்சமாவது அசைகிறதா என்பதுதான். இதற்கென்றே உருவான பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

மனச்சோர்வு நோய் வேறு. துக்கத்தின் வலி அலையாக வந்து போகும், நடுவில் ஒரு நல்ல நினைவுக்கு முகம் மலரும். மனச்சோர்வில் எதற்குமே மலராது, “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒருசேர வருவதும் உண்டு. பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை, நீங்கள் போனால் போதும்.

“அவரோடு நானும் போயிருக்கலாம்” என்ற ஏக்கம் பலருக்கும் வரும். எப்படிச் சாவது என்று யோசனை ஓடத் தொடங்கினால், அதற்கான பொருளைத் தேடத் தொடங்கினால், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர எண்ணையோ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குப் போங்கள். காலை வரை பொறுக்க வேண்டாம்.

10. பக்கத்தில் நிற்பவருக்கு

இதை நீங்கள் வேறொருவருக்காகப் படித்துக்கொண்டிருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலரும் விலகிப்போகிறார்கள். “என்ன சொல்றதுன்னே தெரியலை, ஆனா வந்திருக்கேன்” என்றாலே போதும். இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அழுதுவிடுவாரோ என்று தயங்காதீர்கள், அவர் எப்போதும் அதே நினைவில்தான் இருக்கிறார். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன நிகழ்ச்சி இருந்தால் சொல்லுங்கள். அவரைப் பற்றி இனிமேல் புதிதாக எதுவும் கிடைக்காது என்று நினைத்திருந்தவருக்கு அது கிடைக்கும்.

பிறகு உங்கள் போன் காலண்டரைத் திறந்து, இன்றிலிருந்து ஆறாவது வாரத்தில் ஒரு நாளுக்கு அவர் பெயரைக் குறித்து வையுங்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள். ஓராண்டு நிறைவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு நாள்.